மதில் தாண்டும் மரம்: அண்டை வீட்டுத் தகராறில் சட்டம் எட்டும் தூரம்

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் பட்டா மாறுதல், பாதைத் தகராறு, முதியோர் உதவித்தொகை என்று குவியும் மனுக்களுக்கு நடுவே பக்கத்து வீட்டு மரமும் வரும். வாசகம் பெரும்பாலும் ஒரே அச்சு: ‘எந்த நேரமும் விழுந்து உயிர்ச்சேதம் ஏற்படுத்தக்கூடிய நிலையில் உள்ள மரத்தை அகற்றித் தருமாறு…’ மனு மேசை மேசையாக இறங்கிக் கிராம நிர்வாக அலுவலரிடம் வந்து சேரும். அவர் நேரில் போய்ப் பார்த்தால் மரம் திடமாகத்தான் நிற்கும். விசாரித்தால் உண்மைக் குறை வேறு. வேப்பஞ்சருகு மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயை அடைக்கிறது. மழைக்காலத்தில் முருங்கையிலிருந்து கம்பளிப்பூச்சி மதிலேறி வருகிறது. வடகம் காயவைக்கும் இடத்தில் நிழல் விழுகிறது. ‘ஆபத்து ஏதும் இல்லை’ என்று அறிக்கை போகும். மனு கொடுத்தவர் தோற்றுப்போவார். மரத்துக்காரருக்கோ, இனிச் சருகைப் பற்றிக்கூடப் பேச வேண்டியதில்லை என்பதற்கு அந்த ஒரு வரியே சான்றிதழாகிவிடும்.

மரத் தகராறுகள் முற்றுவதற்கு இந்தக் குழப்பம் ஒரு முக்கியக் காரணம். ஒருவர் மரத்தால் அடுத்த வீட்டுக்கு வரும் இடைஞ்சலை ஆபத்து, சேதம், தொல்லை என மூன்றாகப் பிரிக்கலாம். ஆபத்துக்கு நிர்வாக நடுவர் இருக்கிறார். சேதத்துக்கு உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. தொல்லைக்கு நம் சட்டத்தில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. சண்டை தொடங்குவதோ பெரும்பாலும் அங்கேதான். எந்த வகைக் குறைக்கு எந்தக் கதவு என்று தெரியாமல் தட்டுவதால் மரமும் போகிறது, முகம் பார்த்துப் பேசும் உறவும் போகிறது. உரிமைப் பத்திரத்தில் மரம் ஒருவருக்கு. மண்ணுக்கு மேலும் கீழும் அது இரண்டு வீடுகளுக்கு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் தீர்வுதான் நிலைக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அரை கிரவுண்டில் ஒரு வேம்பு

கட்டுமான வேலை நடக்கும் இடங்களில் மரத்தைக் காப்பதற்காக பிரிட்டனில் பின்பற்றப்படும் பி.எஸ். 5837 என்ற தரநிர்ணயம் எளிய கணக்கு ஒன்றைத் தருகிறது. தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து 12ஆல் பெருக்கினால், மரத்தைச் சுற்றித் தொந்தரவு செய்யக்கூடாத வேர்ப்பரப்பின் ஆரம் கிடைக்கும். விட்டம் 50 சென்டிமீட்டர் உள்ள நடுத்தர வேம்புக்கு இந்த ஆரம் 6 மீட்டர். பரப்பாக மாற்றினால் ஏறத்தாழ 113 சதுர மீட்டர், அதாவது 1,217 சதுர அடி. தமிழ்நாட்டு மனைப்பிரிவுகளில் சாதாரணமாக விற்கும் அரை கிரவுண்டு மனை 1,200 சதுர அடி. வீடே கட்டாமல் மனையின் நட்டநடுவில் வைத்தாலும் வேம்பின் வேர்வட்டம் எல்லைக்குள் அடங்காது. நாமோ மதிலோரம் இரண்டடி தள்ளி வைக்கிறோம்.

ஆணிவேர் பாதாளம்வரை இறங்கும் என்பது பொதுவான எண்ணம். வளர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் ஒரு மீட்டருக்குள் பக்கவாட்டில்தான் ஓடுகிறது. ஆழமில்லாமல் போட்ட சுற்றுச்சுவர் அஸ்திவாரமும், தண்ணீர்க் குழாயும், கழிவுநீர்க் குழாயும் அதே மண்ணடுக்கில்தான் இருக்கின்றன. ஆகவே இன்றைய மனை அளவில் மரம் வைக்கும் எவரும் அடுத்தவர் மண்ணையும் சேர்த்தே கேட்கிறார். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை; மனை சிறுத்ததன் விளைவு இது.

வயல்புறத்தில் கதை கொஞ்சம் மாறும். தென்னைக்கு வேளாண் துறையினர் சொல்லும் இடைவெளி 25 அடி. அந்தக் கணக்குப்படி எல்லையிலிருந்து பன்னிரண்டரை அடி தள்ளி முதல் வரிசை வர வேண்டும். நிலம் வீணாகிறதே என்று வரப்போரமாகவே குழி எடுப்பது வழக்கம். நிலத்தை மிச்சப்படுத்தியவர் ஒருவர். அந்த மிச்சத்துக்கு விலையாகத் தன் நெல்லின்மேல் நிழலை வாங்கிக்கொள்பவர் வேறொருவர். பிரான்சின் சிவில் சட்டத் தொகுப்பு 671ஆவது பிரிவில் இதை முளையிலேயே கிள்ளப் பார்க்கிறது. உள்ளூர் விதியோ வழக்கமோ இல்லாத இடத்தில், 2 மீட்டருக்கு மேல் வளரும் மரத்தை எல்லையிலிருந்து 2 மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். அதைவிடக் குட்டையானதற்கு அரை மீட்டர் போதும். இந்தியாவில் அப்படிப் பொதுவான இடைவெளிச் சட்டம் கிடையாது.

இடைவெளி விதி இல்லாத இடத்தில் முதல் கேள்வி எல்லை எங்கே என்பது. அடிமரம் மண்ணிலிருந்து எழும் இடம் யாருடைய நிலமோ அவருக்கே மரம். எல்லைக்கோட்டின்மேலேயே அடிமரம் நின்றால் அது இருவருக்கும் பொது. ஒருவர் மட்டும் முடிவெடுத்து வெட்ட முடியாது. பழைய கிளுவை வேலியை எடுத்துவிட்டுக் கல்மதில் எழுப்பிய ஊர்களில், வேலியோடு வேலியாக நின்ற பூவரசு இப்போது யார் பக்கம் என்பது தீராத சிக்கல். கிளையைப் பற்றி வாய் திறப்பதற்கு முன் புலப்பட வரைபடத்தை எடுத்து, நில அளவைக்கு எஃப்-லைன் மனு போட்டு, அளவையரை வரவழைத்து அத்துக் காட்டச் செய்வது நல்லது. மரச் சண்டை என்று தொடங்கியவற்றில் சில, சங்கிலி பிடித்துப் பார்த்தால் எல்லைச் சண்டையாகவே இருக்கும்.

ஆபத்து: நடுவரின் கதவு

மதிலை ஒட்டி நிற்கும் ஒரு தென்னை. தூர் இவர் நிலத்தில். நடுவில் வளைந்து தலை மட்டும் பக்கத்து வீட்டு ஓட்டுக்கு மேலே. தெருவில் நின்று தூக்குக்குண்டுக் கயிற்றைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் குலை சரியாக அடுத்தவர் சமையற்கட்டுக்கு மேலே இருப்பது தெரியும். இது ஆபத்தா?

வளைவு மட்டுமே ஆபத்து ஆகாது. வெளிச்சத்தைத் தேடிச் சின்ன வயதிலிருந்தே சாய்ந்து வளர்ந்த தென்னை அந்தச் சாய்வுக்கு ஏற்றபடியே தூரைப் பலப்படுத்தி வைத்திருக்கும். கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. போன ஆண்டுப் படத்தைவிட இந்த ஆண்டு சாய்வு கூடியிருப்பது. சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்து மேலெழும்புவது. தண்டில் ஓட்டை விழுந்து மென்று துப்பிய நாரும் பழுப்புச் சாறும் வெளிவருவது, அதாவது சிவப்புக் கூன்வண்டின் வேலை. தூரில் செம்பழுப்பு நீர் கசிவது, அதாவது தஞ்சாவூர் வாடல் நோய். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் தேதியோடு படம் எடுத்து வைக்க வேண்டும். ‘பயமாக இருக்கிறது’ என்ற சொல்லை அலுவலகம் ஏற்காது. படத்தைத் தள்ளுவது அவ்வளவு எளிதல்ல.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவாக நெடுங்காலம் இருந்தது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவாகியிருக்கிறது. விழும் நிலையில் இருந்து அக்கம்பக்கத்தில் குடியிருப்போருக்கோ வழிப்போக்கருக்கோ காயம் விளைவிக்கக்கூடிய மரத்தை அகற்றவோ, முட்டுக் கொடுத்து நிறுத்தவோ மாவட்ட நடுவர், கோட்ட நடுவர் போன்ற நிர்வாக நடுவர்கள் நிபந்தனை உத்தரவு இடலாம். நடைமுறையில் இது வருவாய்க் கோட்டாட்சியரின் மேசை. மரத்துக்காரர் உத்தரவை ஏற்க வேண்டும் அல்லது ஆஜராகி ஆட்சேபணை சொல்ல வேண்டும். புதிய சட்டம் இந்த விசாரணைக்கு 90 நாள் கெடு வைத்திருக்கிறது. காரணத்தை எழுதி 120 நாள்வரை நீட்டலாம். முறைப்படி இட்ட உத்தரவை உரிமையியல் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. கூரான ஆயுதம்தான், கூராக இருப்பதாலேயே அதன் வாய் குறுகலானது. உடனடியான அபாயம் இருந்தால்தான் அது வெட்டும். சருகுக்கும் நிழலுக்கும் அதை எடுத்தால், தொடக்கத்தில் பார்த்த மனுவின் கதிதான்.

உள்ளாட்சிச் சட்டங்களிலும் அபாய மரம் பற்றிய ஏற்பாடுகள் உண்டு. கேரளத்தின் 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் மரம், கிளை என்பதோடு நிற்காமல் விழக்கூடிய காயையும் சேர்த்தே சொல்கிறது. தென்னை நாட்டுக்காரர்கள் எழுதிய சட்டம் என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடும்.

பிரிவு 152 அகற்றுவதோடு முட்டுக் கொடுப்பதையும் சொல்வது கவனத்துக்குரியது. நம் தென்னைக்குத் தீர்வு அங்கேயே இருக்கலாம். தண்டின் மேற்பகுதியில் கம்பி வடம் கட்டிச் சாய்வுக்கு எதிர்த்திசையில் இன்னொரு மரத்துக்கோ நட்ட கம்பத்துக்கோ இழுத்துக் கட்டுவது தென்மாவட்டங்களிலும் கேரளத்திலும் எல்லோரும் அறிந்த வேலை. அதோடு ஒழுங்காக வெட்டுப் போட்டு, நெற்று தானாக உதிரும்வரை விடாமல் இறக்கினால் ஓட்டுக்காரரின் பயத்தில் பாதி போய்விடும்.

மரம் விழுந்த பிறகு யார் பொறுப்பு? ‘நோபிள் எதிர் ஹாரிசன்’ என்ற 1926ஆம் ஆண்டு ஆங்கில வழக்கில், சாலைமேல் நீண்டிருந்த பீச் மரக்கிளை காற்றில்லாத நாளில் முறிந்து ஒரு பேருந்தின்மேல் விழுந்தது. வெளியே தெரியாத உள்வெடிப்புதான் காரணம். பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. எனவே மரத்துக்காரர் பொறுப்பில்லை என்று தீர்ப்பானது. நம் நீதிமன்றங்களும் எடுத்தாளும் ஆங்கிலப் பொதுச்சட்ட மரபில் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: அவருக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா? ஆகவே சாய்வு கூடுகிறது என்று படத்தோடு அனுப்பும் ஒரு பதிவுத் தபால் கனமானது. அதைக் கையெழுத்திட்டு வாங்கியவர் பிற்பாடு ‘புயல் வந்தால் நான் என்ன செய்வது, கடவுள் செயல்’ என்று ஒதுங்குவது கடினம். 2016 டிசம்பரில் வர்தாவும், 2018 நவம்பரில் கஜாவும் அடித்தபோது நல்ல மரமும் விழுந்தது, உளுத்த மரமும் விழுந்தது. சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றல்ல.

சேதம்: கணக்குக் கேட்கும் கதவு

மதிலில் விரிசல், தரை ஓடு மேலெழும்புதல், குழாய்க்குள் வேர். இவை கண்ணால் பார்க்கக்கூடிய, ரூபாயில் சொல்லக்கூடிய சேதங்கள். வழக்கில் சிக்கலாவது காரணத்தை நிறுவுவது. குழாயில் வேர் இருந்தால் வேர்தான் குழாயை உடைத்தது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: இணைப்பு விட்டுப்போன குழாயிலிருந்து கசியும் ஈரத்தை நோக்கி மெல்லிய வேர் வருகிறது, உள்ளே நுழைந்தபின் பருக்கிறது. மதில் விரிசலுக்கும் அஸ்திவாரம் போதாமை, கரிசல் மண்ணின் சுருக்கம் விரிவு, வேர் ஆகிய மூன்றும் பங்காளிகளாக இருக்கலாம். கரிசலில் வேர் ஈரத்தை உறிஞ்சுவதே மண்ணைக் கூடுதலாகச் சுருங்கச் செய்யும். அரச மரத்துக்கு வேறு வழி. பறவை எச்சத்தில் வந்த விதை சுவர் இடுக்கில் முளைக்கும். அதை யாரும் நடவில்லை, யார் வீட்டுச் சுவரோ அவர்தான் முளையிலேயே பிடுங்க வேண்டும்.

காரணம் நிறுவப்பட்டால் சட்டம் தயங்குவதில்லை. லண்டனில் நடைபாதையோரம் நின்ற ஒரு பிளேன் மரத்தின் வேர், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் அஸ்திவாரத்தைப் பாதித்தது. 1990இல் பொறியாளர்கள் மரத்தை எடுக்கச் சொன்னார்கள். உள்ளாட்சி மன்றம் எடுக்கவில்லை. கட்டடத்தைத் தாங்குவதற்கு அடித்தளம் போட ஆன செலவு 5,70,000 பவுண்டுக்கு மேல். மரத்தை அப்போதே எடுத்திருந்தால் பழுதுபார்ப்பு 14,000 பவுண்டில் முடிந்திருக்கும். 2001இல், அன்று உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, தகவல் கொடுத்து நியாயமான அவகாசமும் தந்த பிறகு செய்த செலவை மன்றமே தர வேண்டும் என்றது. தொகையைவிட முக்கியம் அந்த நிபந்தனை: தகவல் போயிருக்க வேண்டும், அவகாசம் தந்திருக்க வேண்டும்.

நம் ஊரில் வழி உரிமையியல் வழக்கு. நஷ்டஈடு கேட்கலாம், 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 38, 39ஆம் பிரிவுகளின்படி தடையுறுத்துக் கட்டளையும் செயலுறுத்துக் கட்டளையும் கேட்கலாம். வேர் தொடர்ந்து வளர்வதால் இது தொடர் தவறு. காலவரம்பும் அதற்கேற்பத் தொடரும். வழக்கு நிற்பதும் விழுவதும் அட்வகேட் கமிஷனர் அறிக்கையில். நீதிமன்றம் அமர்த்தும் அந்த வழக்கறிஞர் ஒரு பொறியாளரையும் கூட்டிவந்து அளந்து, படம் எடுத்து, எந்த விரிசல் எந்த வேரிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதித் தருவார். விரிசல் அருகே பென்சிலால் தேதி குறித்து மாதந்தோறும் அகலத்தை அளந்துவைத்த வாதி பாதி வழக்கை வென்றுவிட்டார் எனலாம். மீதிப் பாதிக்கு ஆகும் ஆண்டுகளையும் கட்டணத்தையும் கணக்கிட்டால், பல மதில்களைத் திரும்பக் கட்டிவிடலாம்.

தொல்லை: கதவில்லாத சுவர்

தென்னாப்பிரிக்காவின் செரஸ் நகரில் தெருவோர ஓக் மரங்களின் இலையும் கொட்டையும் தம் கூரைத் தூம்பை அடைக்கின்றன என்று ஒருவர் நகராட்சிமேல் வழக்குப் போட்டார். நகரத்தில் ஓக் மரம் வளர்ப்பது இயல்பான பயன்பாடு, இலை விழுவதை அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று 1951இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ரோமன்-டச்சு மரபில் வந்த தீர்ப்பு அது. இலங்கையின் பொதுச்சட்டத்துக்கும் அதே மரபுதான் அடித்தளம். ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் மாநிலம், அண்டை வீட்டார் மரத் தகராறுகளுக்கென்றே 2006இல் தனிச்சட்டம் இயற்றியது. அங்கும் 2007இல் ‘பார்க்கர் எதிர் கிரியாகிடிஸ்’ வழக்கில் நீதிமன்றம் வகுத்த கொள்கை இதுவே: மரங்களின் பயனை அனுபவிக்கும் நகரவாசி கூட்டிப் பெருக்குவதையும் தூம்பைச் சுத்தம் செய்வதையும் தன் வீட்டுப் பராமரிப்பாகவே கொள்ள வேண்டும், இலை, பூ, காய், சிறு குச்சி விழுவதற்காகச் சாதாரணமாக மரத்தில் கைவைக்க உத்தரவு கிடையாது.

சட்டநெறி சரி. ஆனால் பெருக்குவது யார்? நம் வீடுகளில் விடியற்காலையில் வாசல் தெளிக்கும் முன் பக்கத்து வேப்பஞ்சருகை அள்ளுபவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். மனுவில் கையெழுத்துப் போடுவதும் மதிலருகே குரல் உயர்த்துவதும் ஆண்கள். உடம்பால் சுமப்பவரின் குறை ‘தினமும் இரண்டு கூடை’ என்ற அளவில் இருக்கும். கையெழுத்துப் போடுபவரின் வாயில் அது ‘மரத்தையே எடு’ என்று மாறிவிடும். உண்மைக் குறையைக் கேட்டு வாங்கினால் தீர்வும் சின்னதாகவே இருக்கும்: தூம்பு வாயில் ஒரு வலை, சருகு கொட்டும் சில வாரங்களுக்கு மரத்துக்காரர் செலவில் ஓர் ஆள். முருங்கையில் கம்பளிப்பூச்சி என்றால், புழு தண்டில் கூட்டமாக அண்டியிருக்கும்போதே மரத்துக்காரர் மருந்தடித்துவிட வேண்டும். காய்ப்பு முடிந்ததும் கவாத்து செய்துவிட்டால் மதிலேறும் கிளையும் இராது.

நிழலுக்கும் இதே கதிதான் நெடுங்காலம் இருந்தது. இங்கிலாந்தில் லேலண்டி என்ற வேகமாக வளரும் ஊசியிலை மரத்தை வேலியாக வைத்து அடுத்த வீட்டை இருட்டாக்குவது தீராத தலைவலியாகி, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் உயர வேலிக்கென ஒரு பகுதியே சேர்க்கப்பட்டது. 2 மீட்டருக்கு மேல் உயர்ந்த பசுமைமாறா வேலியைக் குறைக்க உள்ளாட்சி உத்தரவிடலாம். ஆனால் 2 மீட்டருக்குக் கீழே வெட்டச் சொல்லவோ வேலியையே எடுக்கச் சொல்லவோ முடியாது. தொல்லைக்கான தீர்வு மரத்தின் அளவில்தான், மரத்தின் உயிரில் இல்லை என்று அந்தச் சட்டம் கோடு போட்டது.

வெட்டும் உரிமையும் வெட்டும் முறையும்

‘என் இடத்துக்கு மேலே வந்த கிளையை நான் வெட்டினால் யார் கேட்பது?’ சட்டப்படி பதில்: பெரும்பாலும் யாரும் கேட்க முடியாது. ‘லெமன் எதிர் வெப்’ வழக்கில் 1894இல் பிரபுக்கள் சபை சொன்னது இதுதான். அடுத்தவர் நிலத்தில் கால் வைக்காமல் தன் எல்லைக்குள் நின்று வெட்டுவதற்கு முன்னறிவிப்புக்கூடத் தேவையில்லை. கிளை எத்தனை ஆண்டு நீட்டிக்கொண்டிருந்தாலும் அப்படியே இருக்கும் உரிமை அதற்கு வந்துவிடாது. இந்திய நீதிமன்றங்களும் இந்த வழியிலேயே வந்திருக்கின்றன. எல்லை தாண்டிப் போய் வெட்டினால், அடிமரத்தில் ஆசிட் ஊற்றினால் அது வேறு கதை. அத்துமீறலும் சொத்துக்குக் கேடு விளைவித்தலும் குற்றமாகும்.

வெட்டிய கிளை யாருக்கு? ‘மில்ஸ் எதிர் புரூக்கர்’ என்ற 1919ஆம் ஆண்டு வழக்கின்படி தொங்கும் கிளையின் ஆப்பிளும் மரத்துக்காரருக்கே. பறித்து விற்றவர் பணம் தர வேண்டியதாயிற்று. ஜெர்மனியிலும் பிரான்சிலும் தானாக அடுத்தவர் நிலத்தில் விழுந்த பழம் விழுந்த இடத்துக்காரருக்கு. பழைய ரோமானியச் சட்டமோ, மரத்துக்காரர் ஒருநாள் விட்டு ஒருநாள் அடுத்தவர் நிலத்துக்குள் வந்து பொறுக்கிக்கொள்ள இடம் கொடுத்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்த மாங்காயைக் கேட்டு வாங்குபவர் நம் ஊரில் குறைவு. பையன்கள் கல்லெறிந்து ஓடு உடைந்தால் மட்டும் அது பிரச்சினையாகும்.

முன்னறிவிப்பில்லா உரிமையைப் பல நாடுகள் இப்போது மறுபரிசீலனை செய்திருக்கின்றன. ஜப்பான் 2021இல் திருத்தி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்திய சிவில் சட்டத்தின் 233ஆவது பிரிவு, முதலில் மரத்துக்காரரிடம் கேள், நியாயமான காலம் கொடு, செய்யாவிட்டால் நீயே வெட்டிக்கொள் என்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 2011ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுத்துவழி அறிவிப்பு, 30 நாள் அவகாசம், அதற்கும் அசையாவிட்டால் வெட்டிய கூலியில் ஆண்டுக்கு 300 டாலர்வரை மரத்துக்காரரிடம் வாங்கலாம் என்ற ஏற்பாடு இருக்கிறது.

‘முதலில் கேள்’ என்பதற்கு மரியாதையைத் தாண்டி மர அறிவியலிலும் காரணம் உண்டு. எல்லைக்கோடு கிளையை எங்கே சந்திக்கிறதோ அங்கே வெட்டுவதே சட்டம் தரும் உரிமை. மரத்துக்கு அது மிக மோசமான இடம். அமெரிக்க மரவியலாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துக் காட்டியது இது: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி அடைக்கிறது. அந்தச் சுவர் நன்றாக எழும்பும் இடம், கிளை தாய்த்தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம்போல் புடைத்திருக்கும் கழுத்து. கழுத்தைச் சேதப்படுத்தாமல் அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். பெரிய கிளையானால் மூன்று வெட்டு: முதலில் சற்றுத் தள்ளி அடிப்புறத்தில் அரைகுறையாக ஒன்று, அதற்கு வெளியே மேலிருந்து ஒன்று, கனம் போனபின் கழுத்தருகே கடைசி. அடிவெட்டு இல்லாமல் மேலிருந்தே அறுத்தால் கிளை பட்டையை உரித்துக்கொண்டு விழும். அந்தக் கழுத்து இருப்பது மரத்துக்காரர் நிலத்தில். அவர் சம்மதம் இல்லாமல் சரியான வெட்டு சாத்தியமே இல்லை.

மதிலோரமாக ஒரே பக்கத்தை மொட்டையடித்தால் கனம் எதிர்ப்பக்கம் கூடி, ஐந்தாண்டு கழித்து மரத்துக்காரர் வீட்டின்மேலேயே சாயக்கூடும். வெட்டிய மொண்ணையிலிருந்து வரும் தளிர்க்கிளைகளின் பிடிமானமும் பலவீனமானது; இன்றைய தொல்லையை வெட்டி நாளைய ஆபத்தை நட்டதாகிவிடும். தென்னைக்கும் பனைக்கும் வெட்டிக் குறைப்பது என்பதே கிடையாது. ஒரே குருத்து, அது போனால் மரம் போயிற்று. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற இடங்களில் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இருவரும் மனமொத்தாலும் இந்த அனுமதிகள் தனி.

எழுதி வைத்துக்கொள்ளும் உடன்பாடு

‘அண்ணே, உங்க மரத்தை எடுத்துருங்க’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடியும். ‘அண்ணே, ஐப்பசி மழைக்கு முன்னாடி அந்தத் தெற்குக் கிளையை மட்டும் கழிச்சுவிட்டா ஓட்டுக்கு நல்லது, ஆள் கூலியில பாதி நான் தர்றேன்’ என்பது வேறு பேச்சு. இதில் கிளை தெரிகிறது, காலம் தெரிகிறது, செலவும் தெரிகிறது. மறுப்பவர் மரத்தைக் காப்பவராக நிற்க முடியாது; ஒரு கிளைக்கும் பாதிக் கூலிக்கும் மறுத்தவராகவே நிற்பார்.

பேசி முடித்ததை ஒரு தாளில் எழுதுவது நல்லது. எந்தக் கிளை, எவ்வளவு தூரம். எந்த மாதம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை. கூலி யார், எவ்வளவு. கழித்த விறகும் தழையும் யாருக்கு. ஆள் யார் வழியாக உள்ளே வருவார். ஏறும்போது ஓடு உடைந்தால் யார் பொறுப்பு. மின்கம்பி அருகே என்றால் மின்வாரியத்துக்கு யார் எழுதுவது. தென்னையென்றால் வெட்டு எத்தனை நாளுக்கு ஒருமுறை, வடத்தை யார் பார்த்துக்கொள்வது. வீடு கைமாறினால் வாங்குபவருக்கு இதைச் சொல்லிவிடுவது என்று ஒரு வரி. இரு வீட்டார் கையெழுத்து, இரண்டு படங்கள்.

பேச்சு ஒட்டாவிட்டால் வக்கீல் நோட்டீசுக்கு முன் ஒரு படி உண்டு. 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வழக்கே போடாத நிலையிலும் தாலுகா சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். இருவரும் ஒப்புக்கொண்டு அங்கே எழுதும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. 2023இல் நிறைவேறிய சமரசச் சட்டம் ஒரு வட்டாரத்தின் அமைதியைக் குலைக்கக்கூடிய தகராறுகளுக்கு மூன்று பேர் கொண்ட சமூக சமரசக் குழுவை வகுத்திருக்கிறது. அங்கே எட்டும் உடன்பாட்டைத் தீர்ப்பாணைபோல் நிறைவேற்ற முடியாது. சட்டத்தின் பகுதிகள் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவும் இல்லை. ஆனாலும் சருகும் நிழலும் பூச்சியும் சட்டத்தின் பார்வையில் பேசத்தக்க பொருளாவதற்கு அது வழி திறக்கிறது.

நியூ சௌத் வேல்ஸ் சட்டத்திலிருந்து நாம் கடன் வாங்கத் தகுந்தது தீர்ப்பைவிட அதன் வரிசைமுறை. மனுதாரர் உடன்பாட்டுக்கு நியாயமாக முயன்றாரா என்பது முதல் கேள்வி. மரத்தால் சேதம் நேர்ந்ததா, நேர்கிறதா, அண்மையில் நேரக்கூடுமா என்பது இரண்டாவது. ‘அண்மை’ என்பதை ஏறத்தாழ 12 மாதம் என்று நீதிமன்றம் ஒரு வழக்கில் பொருள் கொண்டது. மரவியல் தெரிந்த ஆணையர் பல வழக்குகளில் மரத்தடிக்கே வந்து விசாரிக்கிறார். அகற்றுதல் அங்கே கடைசித் தீர்வு. அதற்கு முன் கழித்தல், கட்டுதல், வேர்த்தடுப்பு, செலவுப் பங்கீடு எல்லாம் உண்டு.

தமிழ்நாட்டுக்குத் தனிச்சட்டம் வேண்டுமா என்பதில் இரு கருத்து இருக்கலாம். உள்ளாட்சி விதிகளில் மூன்று வரிகள் சேர்ந்தாலே நிலைமை மாறும்: புது மரத்துக்கு எல்லையிலிருந்து குறைந்தபட்ச இடைவெளி, கிளை கழிக்குமுன் எழுத்தில் கேட்டு 30 நாள் காத்திருத்தல், கழிக்கும் செலவில் இருவருக்கும் பங்கு. முதல் வரி நாளைய சண்டையைத் தவிர்க்கும். இரண்டாவது, வெட்டு சரியான இடத்தில் விழ வாய்ப்புத் தரும். மூன்றாவது, இரு வீட்டு மண்ணிலும் வாழும் மரத்துக்கு இரு வீட்டையும் பொறுப்பாக்கும். மனைகள் இன்னும் சிறுத்துக்கொண்டுதான் போகும். அந்த மூன்று வரிகள் வரும்வரை, எல்லையை அளந்து, குறை எந்த வகை என்று பிரித்து, படமும் தேதியும் வைத்துக்கொண்டு, ஒரு கிளைக்கும் பாதிக் கூலிக்கும் பேச்சைத் தொடங்குவதே இருக்கும் வழிகளில் செலவு குறைந்தது.